ஒப்பந்தத்தை இனியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்: கனடா மீன்வள அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

கனடாவின் கிழக்குக் கரைப் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களோடு பிரிட்டிஷ் அரசு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் என்ன இருக்கிறது என்பதை இந்த நாடு பெரும்பாலும் ஒரே வழியில்தான் தெரிந்துகொண்டிருக்கிறது. மிக்மாக் இனத்தவர் ஒருவர் வேட்டைக்கோ மீன்பிடிக்கவோ போவார். அதிகாரிகள் பிடிப்பார்கள், வழக்குப் போடுவார்கள். அவர் கூண்டில் நின்று, "எங்கள் முன்னோருக்கு உங்கள் அரசர் கொடுத்த வாக்கு இருக்கிறது" என்பார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அப்புறம் ஒருநாள் ஒரு நீதிபதி அந்தப் பழைய தாளை எடுத்துப் படிப்பார். 1927இல் கேப்ரியல் சிலிபாய், 1980இல் ஜேம்ஸ் சைமன், 1993இல் டொனால்ட் மார்ஷல் ஜூனியர். மூன்று பேருமே குற்றம் சாட்டப்பட்டவர்களாக நின்றுதான் தங்கள் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட இன்னொரு தரப்பான அரசு, மூன்று முறையும் எதிர்த்தரப்பில் நின்று, "அப்படி ஒரு உரிமை கிடையாது" என்று வாதாடியது.

இந்த வழக்கத்தை உங்கள் காலத்தில் நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸில் வசிக்கும் தமிழன், கனடாக் குடிமகன். இதைக் கேட்க உனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், நீங்கள் கொடுத்த உரிமைதான் என்பேன். 2021 ஜூன் 21 அன்று ஒப்புதல் பெற்ற சட்டத்துக்குப் பிறகு குடியுரிமைப் பிரமாணம் எடுப்பவர் ஒவ்வொருவரும், முதற்குடிகள், இனுயிட், மெட்டீ மக்களின் பூர்வீக உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசமைப்பு உட்பட இந்நாட்டுச் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலது கையை உயர்த்தி நானும் அதைச் சொன்னேன். இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலப் பிரதி தனியாக வருகிறது. புதிதாக வந்தவர்களிடம் வாங்கிக்கொள்ளும் சத்தியத்தை, அதை வாங்குகிற அரசும் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

கதை இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறது. 1713இல் யூட்ரெக்ட் உடன்படிக்கையில் பிரான்ஸ் இந்தப் பகுதியைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது. இங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த மிக்மாக் மக்களை அப்போது ஒருவரும் கேட்கவில்லை. 1725இல் பாஸ்டனில் ஒரு ஒப்பந்தம் எழுதி, 1726இல் அனாபொலிஸ் ராயலில் மிக்மாக் தலைவர்களும் அதை ஏற்றார்கள். வேட்டை, மீன்பிடி, பயிர்நிலம் எதிலும் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று அரசு அப்போதே எழுதிக்கொடுத்துவிட்டது. பிறகு 1749 கோடையில் ஆளுநர் எட்வர்ட் கார்ன்வாலிஸ் குடியேறிகளோடு வந்து, மிக்மாக் மக்கள் கிஜிபுக்டுக் என்று அழைத்த துறைமுகத்தில் ஹாலிஃபாக்ஸை நிறுவினார். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள், சண்டை மூண்டது, டார்ட்மத்தில் மரம் அறுக்கப் போன ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. போர் என்றால் இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தும்.

ஆனால் அதை அரசு எப்படி எதிர்கொண்டது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1749 அக்டோபர் 1 அன்று, துறைமுகத்தில் நின்ற பியூஃபோர்ட் என்ற கப்பலில் ஆளுநரின் ஆலோசனைக் குழு கூடியது. அங்கே பேசியதன் குறிப்பு இன்றும் இருக்கிறது. மிக்மாக் மக்கள் மீது முறைப்படி போர் அறிவித்தால் அவர்கள் சுதந்திரமான மக்கள் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அவர்களைக் கொள்ளையர்களாகவும் கலகக்காரர்களாகவும்தான் நடத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதையொட்டி வந்த அறிவிப்பில், பிடித்துவந்தாலும் சரி, கொன்று மண்டைத்தோலைக் கொண்டுவந்தாலும் சரி, ஒரு ஆளுக்குப் பத்து கினி பரிசு. அடுத்த ஆண்டு அது ஐம்பது கினி ஆனது.

எனக்கு அந்தப் பரிசுத் தொகையைவிட அதற்கு முந்தைய வாதம்தான் அதிகம் உறுத்துகிறது. அவர்களை ஒரு மக்களாக மதித்தால் அவர்களோடு பேச வேண்டி வரும். பேசாமலிருக்க வேண்டுமானால் சட்டத்தை மீறியவர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். அந்தக் கப்பலில் போட்ட கணக்கு, 271 ஆண்டுகள் கழித்து உங்கள் துறையின் படகுகள் மிக்மாக் மீனவர்களின் சிங்கி இறால் பொறிக்கூடுகளைக் கடலிலிருந்து தூக்கி எடுத்தபோதும் மாறாமல் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

வேடிக்கை பார்க்கும் தூரத்தில் லண்டன் இருந்தது. இங்கே இருந்தவர்களுக்குச் சமாதானம் தேவைப்பட்டது. 1752 நவம்பரில், புதிய ஆளுநர் ஹாப்சன், ஷுபெனகாடிப் பகுதித் தலைவர் ஜான் பாப்டிஸ்ட் கோப்போடு ஒப்பந்தம் செய்தார். வழக்கம்போல வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் முழுச் சுதந்திரம். தோல், இறகு, பறவை, மீன், வேறு எதுவானாலும் ஹாலிஃபாக்ஸுக்கோ வேறு குடியேற்றத்துக்கோ கொண்டுவந்து, கட்டுப்படியாகிற நல்ல விலைக்கு விற்கலாம். ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று கம்பளி, புகையிலை, வெடிமருந்து அரசின் அன்பளிப்பாக வரும். அந்த நாளைத்தான் 1986 முதல் ஒப்பந்த நாளாக இங்கே கொண்டாடுகிறோம்.

அந்தச் சமாதானமும் சீக்கிரம் முறிந்தது. 1755இல் துணைநிலை ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸ், இங்கே குடியிருந்த பிரெஞ்சு மொழியினரான அகேடியர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார். 1756 மே மாதம் அதே லாரன்ஸ் புதிய பரிசு அறிவித்தார். பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆணை உயிரோடு பிடித்தால் 30 பவுண்டு, மண்டைத்தோலுக்கு 25, பிடிபட்ட பெண்ணுக்கோ குழந்தைக்கோ 25. லூயிபர்க்கும் கியூபெக்கும் வீழ்ந்து பிரெஞ்சு ஆதரவு போன பிறகு, 1760 மார்ச் 10 அன்று மிக்மாக் தலைவர்கள் மூவர் ஹாலிஃபாக்ஸில் சமாதானத்தில் கையெழுத்திட்டார்கள். எதிரே ஆளுநராக உட்கார்ந்திருந்தவரும் அதே லாரன்ஸ்தான். நாலு வருடத்துக்கு முன் குழந்தைகளுக்கு விலை வைத்த கை அது. அந்தக் கையை நம்பித்தான் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் ஒரு வரிதான் இன்றைய பிரச்சினை முழுவதற்கும் அடிப்படை. அரசு நியமித்த வணிகக் கிடங்குகளைத் தவிர வேறு எங்கும் எந்தப் பொருளையும் பண்டமாற்றுச் செய்ய மாட்டோம் என்று மிக்மாக் மக்கள் உறுதி சொல்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் அது ஒரு தடைதான். ஆனால் அதற்கு முந்தைய மாதம் நடந்த பேச்சுவார்த்தையின் குறிப்பும் கிடைத்திருக்கிறது. அண்டை இனங்களான மாலிசீட், பாஸமக்வாடிப் பிரதிநிதிகள், தோல்களைக் கொடுத்துத் தேவையான பொருள்களை வாங்கிக்கொள்ள ஒரு கிடங்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதே அடிப்படையில்தான் மிக்மாக் ஒப்பந்தமும் அமைந்தது. விற்பதற்குக் கிடங்கு உண்டு என்றால், விற்பதற்கான பொருளை வேட்டையாடிப் பிடிக்கவும் உரிமை உண்டு என்பது எளிய விஷயம். இந்த எளிய விஷயத்தை ஒரு உயர்ந்த நீதிமன்றம் சொல்ல 239 ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு, 1761 ஜூன் 25 அன்று, ஹாலிஃபாக்ஸில் ஆளுநரின் தோட்டத்தில் பெரிய சடங்கு நடந்தது. கேப் பிரெட்டன், மிராமிஷி, ஷெடியாக், போக்மூஷ் பகுதித் தலைவர்கள் வந்திருந்தார்கள். லாரன்ஸ் இறந்துவிட்டதால் ஜோனதன் பெல்ச்சர் அரசுக்காகப் பேசினார். பாதிரியார் மைலார்ட் மொழிபெயர்த்தார். கோடரியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சூரியனும் சந்திரனும் இருக்கும் காலம்வரை உங்களுக்கு நண்பனாக இருப்பேன் என்று கேப் பிரெட்டன் தலைவர் சொன்னார். நம் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவரை' என்று வெட்டி வைத்திருப்பார்களே, அந்த அளவுக்குக் கனமான சொல். பெல்ச்சரும் தன் பக்கத்துக்கு ஒன்று சொன்னார்: சட்டங்கள் உங்கள் உரிமைகளையும் சொத்துகளையும் சுற்றிப் பெரிய வேலிபோல நிற்கும், யாராவது அந்த வேலியைப் பிரித்து உங்களுக்குத் தீங்கு செய்தால் சட்டத்தின் முழு பாரமும் அவர்கள் மேல் விழும்.

வேலியே பயிரை மேய்ந்த கதையைத்தான் அப்புறம் வந்த இருநூறு ஆண்டுகளும் சொல்கின்றன. 1762இல் பெல்ச்சர் கடற்கரையோரம் மிக்மாக் மக்களுக்கு இடம் ஒதுக்கி ஒரு அறிவிப்புக் கொடுத்தார். லண்டனுக்கு அது பிடிக்கவில்லை. 1767இல் இன்றைய பிரின்ஸ் எட்வர்ட் தீவை 67 துண்டுகளாக அளந்து லண்டனில் குலுக்கல் போட்டுப் பங்கு வைத்தார்கள். அந்தத் தீவில் வாழ்ந்த மிக்மாக் மக்களுக்கு ஒரு துண்டும் இல்லை. அமெரிக்கப் புரட்சி முடிந்து ராஜ விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியபோது ஆற்றுமுகங்களும் நல்ல நிலங்களும் அவர்கள் கைக்குப் போயின. பிரெஞ்சு அச்சம் தீர்ந்தது, அமெரிக்க அச்சமும் தணிந்தது. மிக்மாக் மக்களின் நட்பு அரசுக்குத் தேவைப்படாமல் போனது. தேவை தீர்ந்ததும் ஒப்பந்தம் காகிதமாகிவிட்டது. அன்பளிப்பு நின்றது, கிடங்கு மூடப்பட்டது.

1841 ஜனவரியில் லண்டன் குடியேற்ற அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் நோவா ஸ்கோஷியா மிக்மாக் தலைவர் பவ்சமிக் பெமினாவீட். பெறுபவர் விக்டோரியா அரசி. அமைச்சர் அவர்களே, இந்த விஷயத்தில் எழுதப்பட்ட எத்தனையோ ஆவணங்களில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். பெரிய ஏரியைக் கடந்து உங்களோடு பேச வர என்னால் முடியாது, என் தோணி சிறியது, நான் கிழவன், பலம் இல்லாதவன் என்கிறார். உங்களைப் பார்க்க என் கண்ணுக்கு எட்டவில்லை, என் குரலும் உங்களுக்குக் கேட்காது. அதனால் இந்த மணிக்கோவையையும் இந்தக் காகிதப் பேச்சையும் அனுப்புகிறேன் என்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆளுநர் ஷெர்புரூக் தன்னைத் தலைவராக ஏற்றுக் கொடுத்த தாள் இன்னும் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுகிறார். பிறகு நேராக விஷயத்துக்கு வருகிறார்: என் மக்கள் கஷ்டத்தில் இருக்கிறார்கள். வேட்டைக்காடு இல்லை, பீவர் இல்லை, நீர்நாய் இல்லை. இந்தக் காடெல்லாம் ஒருகாலத்தில் எங்களுடையது.

அரசரின் வாக்கை அரசியிடமே நினைவூட்டும் அந்தக் கடிதத்தில் கெஞ்சல் கிடையாது. ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்கு எழுதும் தோரணை முதல் வரியிலிருந்து தெரிகிறது. அதன் விளைவாக லண்டன் விசாரித்தது. 1842இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. ஜோசப் ஹோ ஆணையாளராகப் போய்ப் பார்த்தபோது, ஒதுக்கப்பட்ட கொஞ்ச நிலத்திலும் வெளியார் புகுந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்பினார்களா? 1859இல், ஆக்கிரமித்தவர்களே அந்த நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். கடிதத்துக்குக் கிடைத்த பதில் இதுதான்.

1867க்குப் பிறகு பொறுப்பு ஒட்டாவாவின் கைக்கு மாறியது. 1930இல் ஷுபெனகாடியில் திறந்த உறைவிடப் பள்ளி 1967 வரை குழந்தைகளைத் தாய்மொழியிலிருந்து பிய்த்தது. 1940களில் சிதறி வாழ்ந்த குடும்பங்களை எஸ்கசோனி, ஷுபெனகாடி என்ற இரண்டே இடங்களில் கொண்டுபோய்க் குவிக்கத் திட்டம் போட்டார்கள். இவற்றைப் பற்றித் தனித்தனியாக எழுத நிறைய இருக்கிறது. இந்த மடலின் விஷயம் நீதிமன்றம் என்பதால் அங்கேயே போகிறேன்.

கேப்ரியல் சிலிபாய் மிக்மாக் பேரவையின் மாபெரும் தலைவர். 1927இல் கேப் பிரெட்டனில் மஸ்க்ராட் என்னும் நீரெலியின் தோல்களும் ஒரு நரித்தோலும் வைத்திருந்தார் என்று பிடித்தார்கள். 1752 ஒப்பந்தத்தைக் காட்டினார். 1928இல் நீதிபதி பேட்டர்சன் தீர்ப்பில், நாகரிகமற்ற மக்களின் நாட்டை நாகரிக நாடு கண்டுபிடித்தால் அது கண்டுபிடித்தவருக்கே சொந்தம். அப்படிப்பட்டவர்களால் ஒப்பந்தம் செய்யவே முடியாது என்றார். பியூஃபோர்ட் கப்பலில் பேசியதை நீதிமன்றம் தன் வாயால் திரும்பச் சொன்னது. சிலிபாய் 1964இல் காலமானார். 2017 பிப்ரவரியில் மாகாண அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கி, வருத்தமும் தெரிவித்தது. மன்னிக்கப்பட வேண்டியவர் அவரா என்று அன்றே பலர் கேட்டார்கள். நானும் கேட்கிறேன்.

1980இல் ஜேம்ஸ் சைமன் பருவம் தவறித் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தார் என்று வழக்கு. 1985 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 1752 ஒப்பந்தம் செல்லும் என்றது. பேட்டர்சனின் சொற்கள் வேறொரு காலத்தின் பாரபட்சம், கனடாச் சட்டத்தில் இனி அவற்றுக்கு இடமில்லை என்று தலைமை நீதிபதி டிக்சன் எழுதினார். அதற்குள், ஒப்பந்த உரிமைகளை அங்கீகரிக்கும் அரசமைப்பின் 35ஆம் பிரிவும் வந்துவிட்டது. அன்றைக்கே அரசு மிக்மாக் தலைவர்களைக் கூப்பிட்டு, "சரி, மீன் விஷயத்தையும் பேசி முடித்துவிடலாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதனால் டொனால்ட் மார்ஷல் ஜூனியர் கூண்டேற வேண்டி வந்தது. இந்த மனிதரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1971இல் கேப் பிரெட்டனின் சிட்னி நகரத்தில் தான் செய்யாத ஒரு கொலைக்காகப் பதினேழு வயதில் ஆயுள் தண்டனை பெற்றவர். பதினொரு ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1983இல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. நீதி அமைப்பு ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் அவரைக் கைவிட்டது என்று அரச விசாரணை ஆணையமே சொன்னது. இவ்வளவு பட்டவர், 1993 ஆகஸ்டில் ஒரு துணையோடு சிறிய இயந்திரப் படகில் பாம்கெட் துறைமுகத்துக்குப் போய் விலாங்கு மீன் பிடித்தார். 463 பவுண்டு எடை. விற்றது 787 டாலர் 10 சென்ட். உரிமம் இல்லாமல் மீன் பிடித்தது, உரிமம் இல்லாமல் விற்றது, தடைக் காலத்தில் தடை செய்த வலையைப் பயன்படுத்தியது என்று உங்கள் துறை அவர்மேல் வழக்குப் போட்டது. ஒரு முறை சட்டத்தால் நொறுங்கிய மனிதர் மறுபடி சட்டத்தின் முன் நின்றார். இந்த முறை தன் மக்கள் எல்லாருக்காகவும். ஆறு ஆண்டுகள் போராடினார். கீழ்நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டில் தோற்றார். 1999 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார்.

தீர்ப்பு என்ன சொன்னது? 1760–61 ஒப்பந்தங்களின்படி, மீன்பிடித்து விற்று மிதமான வாழ்வாதாரம் தேடிக்கொள்ள மிக்மாக் மக்களுக்கு உரிமை உண்டு. சாப்பாடு, உடை, வீடு, அதோடு சில வசதிகள். செல்வம் குவிப்பது இதில் வராது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 17 அன்று, அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: மீன்வளத்தைப் பாதுகாக்க அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், அவர்களைக் கலந்துபேச வேண்டும். அமைச்சர் அவர்களே, உங்கள் துறை முதல் தீர்ப்பை மறந்துவிட்டு, இரண்டாவதில் பாதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டது. கட்டுப்பாடு விதிக்கலாம் என்பது நினைவில் நிற்கிறது. காரணம் காட்ட வேண்டும் என்பது நிற்கவில்லை.

மிதமான வாழ்வாதாரம் எவ்வளவு என்று மிக்மாக் மக்களோடு உட்கார்ந்து முடிவு செய்யும் வேலை 1999 முதல் உங்கள் மேசையில் கிடக்கிறது. நடுவில் நடந்ததெல்லாம் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் பர்ன்ட் சர்ச் என்ற மிக்மாக் ஊரில் அரசுப் படகுகள் மிக்மாக் படகுகளை மோதியது, கூடுகளைப் பறித்தது, உரிமங்களை வாங்கிக் கொடுத்துப் பிரச்சினையை ஆறப்போட்டது. உரிமம் கொடுத்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. பல குடும்பங்கள் அதில் பிழைத்தன. ஆனால் அது உங்கள் விதிப்படி கொடுக்கப்பட்ட உரிமம். ஒப்பந்த உரிமைக்கு அது ஈடாகாது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, தீர்ப்பின் 21ஆம் ஆண்டு நாளில், 2020 செப்டம்பர் 17 அன்று, சிபெக்னெகாடிக் என்ற மிக்மாக் சமூகம் செயின்ட் மேரீஸ் வளைகுடாவின் சொல்னியர்வில் துறையில் தன் சொந்த உரிமங்களோடு சிங்கி இறால் பிடிக்கத் தொடங்கியது. ஒரு உரிமத்துக்கு 50 கூடு. தொடக்கத்தில் உரிமங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதே 34ஆம் மீன்பிடி மண்டலத்தில் ஆயிரத்துக்கு நெருக்கமான வணிக உரிமங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 375 கூடுகளுக்குக் குறையாமல் அனுமதி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தச் சில நூறு கூடுகள் கடலைக் காலி செய்துவிடும் என்று கத்தினார்கள். அக்டோபர் 13 இரவு கூட்டம் கூடி மிக்மாக் பிடிப்பு வைத்திருந்த இரண்டு கிடங்குகளைச் சூழ்ந்தது. வண்டி எரிந்தது. காவல்துறை நின்று பார்த்தது. 17ஆம் தேதி மிடில் வெஸ்ட் பப்னிகோவில் ஒரு கிடங்கு முழுவதும் எரிந்து சாம்பலானது. பெல்ச்சர் சொன்ன சட்டத்தின் பாரம் 13ஆம் தேதி இரவு யார் மேலும் விழவில்லை.

வணிக மீனவர்களின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. அங்கே பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கி மே முடிவில் முடியும். கோடையில் சிங்கி இறால் ஓடு கழற்றி மென்மையாக இருக்கும், அப்போது பிடிக்காமல் விடுவது நல்லது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றது. படகுக்கும் உரிமத்துக்கும் வாங்கிய கடன் அவர்கள் கழுத்தில் இருக்கிறது. அந்தக் கரையில் பலர் அகேடியர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1755இல் லாரன்ஸ் துரத்தியபோது காட்டுக்குள் ஓடி ஒளிந்த அகேடியக் குடும்பங்களுக்கு உதவியவர்கள் மிக்மாக் மக்கள். ஒரே ஆளுநரின் கையில் அடிபட்ட இரண்டு சமூகங்கள் இன்று ஒரு துறைமுகத்தில் எதிரெதிரே நிற்கின்றன. அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது உங்கள் துறையின் மௌனம். வணிக மீனவருக்கும் நீங்கள் தெளிவாக எதையும் சொன்னதில்லை. இது சட்டப்படி உள்ள உரிமை, இதற்கான இடத்தை அரசு தன் செலவில் ஏற்படுத்தும், உங்கள் வாழ்க்கை பறிபோகாது என்று எந்த அமைச்சரும் அந்தத் துறைமுகத்தில் போய் நின்று பேசவில்லை.

2021 மார்ச்சில் அப்போதைய அமைச்சர் ஒரு வரியில் முடிவு சொன்னார்: மிதமான வாழ்வாதார மீன்பிடிப்பும் வணிகப் பருவத்துக்குள்தான் நடக்க வேண்டும். சில சமூகங்கள் அந்த எல்லைக்குள் இடைக்கால உடன்பாட்டுக்கு வந்தன. அது அவர்கள் முடிவு, மதிக்கிறேன். ஏற்காதவர்களிடம் என்ன காரணம் காட்டினீர்கள்? அந்த வளைகுடாவில் அந்த அளவு மீன்பிடிப்பால் வளம் குறையும் என்பதற்கான ஆய்வை அவர்களோடு சேர்ந்து செய்து, சேர்ந்து படித்து, அதன்பிறகு கட்டுப்பாடு விதித்திருந்தால் உச்ச நீதிமன்றம் சொன்னபடி நடந்ததாக இருக்கும்.

நான் கேட்பது இவைதான். முதலில், பேச்சுவார்த்தை நடக்கும் சமூகங்களின் கூடுகளைப் பறிப்பதையும் அவர்கள் மேல் வழக்குப் போடுவதையும் நிறுத்துங்கள். மீன்வளத்துக்கு உண்மையான ஆபத்து என்று தோன்றினால், படகை அனுப்பும் முன் உங்கள் கணக்கை அவர்கள் முன் வையுங்கள். அவர்கள் தங்களுக்கென்று எழுதிவைத்திருக்கும் மேலாண்மைத் திட்டங்களைப் படித்துப் பதில் சொல்லுங்கள். அவர்களிடமும் உயிரியலாளர்கள் இருக்கிறார்கள், காவலர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று உங்களுக்குக் கசக்கலாம். இந்தப் பேச்சுவார்த்தையை உங்கள் துறை விட்டுக்கொடுக்க வேண்டும். உரிமம் கொடுப்பதும், பிடிப்பதும், வழக்குப் போடுவதும் உங்கள் வேலை. அதே கையால் ஒப்பந்தம் பேச முடியாது. 2022இல் செனட் சபையின் மீன்வளக் குழுவே, இதை அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான உறவைக் கவனிக்கும் துறை முன்னின்று நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்த அறிக்கையை ஏற்றுச் செயல்படுங்கள். விற்க விரும்பும் வணிக மீனவர்களிடம் நியாயமான விலைக்கு உரிமங்களை வாங்கி, கடலில் மொத்தக் கூடுகளின் எண்ணிக்கை கூடாமல் மிக்மாக் மீனவர்களுக்கு இடம் கொடுக்க முடியும். அந்தச் செலவு ஒட்டாவாவின் கணக்கில் வர வேண்டும். கடன் அரசருடையது, பப்னிகோ மீனவருடையது அல்ல.

2018 ஜனவரியில் ஹாலிஃபாக்ஸ் நகர மன்றம் கார்ன்வாலிஸ் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கியது. அந்தப் பூங்காவுக்கு இப்போது அமைதி நட்புப் பூங்கா என்று பெயர். அது நகரத்தின் கையில் இருந்த வேலை, செய்துவிட்டார்கள். மீன்பிடி உரிமை உங்கள் கையில் இருக்கிறது.

டொனால்ட் மார்ஷல் 2009 ஆகஸ்டில் காலமானார். அவர் வென்ற தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. இன்று அதே கரையில் மீன் பிடிக்கும் இளைஞர்களில் யாராவது ஒருவர் இன்னொரு வழக்கில் மாட்டி, இன்னும் பத்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி, அதே ஒப்பந்தத்தின் அடுத்த வரியைப் படித்துக்காட்ட வேண்டிய நிலை வரக்கூடாது. வரும் அக்டோபர் 1 ஒப்பந்த நாளுக்கு முன், மேலே கேட்டவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று மிக்மாக் தலைவர்களுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். அதன் பிரதியை எங்களுக்கும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிரமாணத்தை எடுத்த ஒரு ஹாலிஃபாக்ஸ் தமிழன்